பல்லால் எடுத்த நகம்

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிற காலை பஸ்ஸில் சாமியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவள் என்றுதான் தோன்றியிருக்கும். பெட்டியில் மடித்து வைத்திருந்த கத்திரிப்பூ நிறச் சேலையைக் கட்டியிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து முடிந்திருந்தாள். பெற்ற மகனைக் கொன்றவன் மேல் நடக்கிற கேஸுக்குப் போகிறவள் இப்படியா போவாள் என்று கேட்டால், ஆமாம், இப்படித்தான் போனாள். இன்றைக்கு லேப்பிலிருந்து ஒரு அம்மா வந்து சாட்சி சொல்லப் போகிறார். மனுஷ சாட்சியெல்லாம் கைவிரித்த பிறகு மெஷின் சாட்சி சொல்லப் போகிறது. மெஷினை எவன் மிரட்ட முடியும்?

"சிரிக்காதம்மா. எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க," என்றாள் பக்கத்தில் இருந்த மகள் தமிழ்ப்ரியா.

"பாக்கட்டுமே. நான் அழுதுக்கினு போனப்ப மட்டும் இன்னா, கண்ண மூடிக்கினா இருந்தாங்க?"

தமிழ்ப்ரியா பிளஸ் டூ வரை படித்தவள். மெஷின் என்ன சொல்லும் என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் வாயைத் திறந்து அம்மாவின் சிரிப்பைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மாதன் சாமியம்மாளுக்கு மூத்தவன். கட்டிய புருஷன் காலமான பிறகு வீட்டுக்கு அவன்தான் ஆம்பளை. மலைமேல் நெல்லிப்பாறையில் கொஞ்சம் சாமை நிலம், ரெண்டு கடுக்காய் மரம். அதை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஓட்ட முடியுமா? கரும்பு வெட்டு சீசன் வந்தால் ஊர்ப் பையன்களோடு கீழே இறங்கிவிடுவான். நைனார்பாளையம் பக்கம் கரும்புக் காட்டிலேயே கூடாரம் போட்டுத் தங்கி வெட்டுவார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிற மேஸ்திரி சுபாஷ். கீழ்நாட்டுக்காரன், தேன் ஒழுகப் பேசுவான். மலைக்கு ஆள் பிடிக்க வரும்போதெல்லாம் சாமியம்மாளை "பெரிம்மா, பெரிம்மா" என்று வாய்நிறையக் கூப்பிடுவான். அவளும் பாவி மனுஷி, அவனுக்குத் தேனும் தினைமாவும் பிசைந்து கொடுத்திருக்கிறாள்.

அந்த வருஷம் காய்ச்சலோடு படுத்துக் கிடந்த ஒருத்தனை, எழுந்து வெட்ட வரவில்லை என்று சுபாஷ் கரும்புக் கழியாலேயே அடித்துவிட்டான். மாதன் பார்த்தான். கொடுவாளைக் கீழே போட்டான். "வாங்கடா போலாம்" என்றான். அவ்வளவுதான், மொத்த ஆளும் அவன் பின்னால் மலை ஏறிவிட்டது. பாதி வெட்டின காடு அப்படியே நின்றது. ஆலைக்குப் போக வேண்டிய லாரி காலியாக நின்றது. ஊர்க் கவுண்டர்கள் எல்லாம் சுபாஷைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆட்களைத் திரும்பக் கூப்பிட என்று சொல்லிக்கொண்டு மலைக்கு வந்தான். ஓடைப் பக்கம் மாதனும், அவன் கூட்டாளி பாண்டியனும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முற்றியது. பொழுது சாய்கிற நேரத்தில் பாண்டியன்தான் மூச்சிரைக்க ஓடிவந்தான். "சின்னம்மா, சுபாஷு மாதன வெட்டிட்டான்! கண்ணால பாத்தேன் சின்னம்மா!" என்று வாசலில் விழுந்து புரண்டான். இந்த வார்த்தையை ஊரே கேட்டது. கேட்டு என்ன பிரயோஜனம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பின் தலையிலும் பிடரியிலும் வெட்டு. தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் கிடத்தினார்கள். ஸ்டேஷனுக்குத் தகவல் போனது. ஆனால் அன்றைக்குப் பார்த்து மழையில் மரம் சாய்ந்து பாதை அடைபட்டுக் கிடந்தது. போலீஸ் வந்து சேர மறுநாள் உச்சிப் பொழுதாகிவிட்டது. அதுவரைக்கும் பெற்றவள் பிள்ளையை ரத்தமும் சேறுமாகப் போட்டு வைப்பாளா? விடிந்ததும் வெந்நீர் வைத்து, மஞ்சள் அரைத்துப் பூசி, குளிப்பாட்டினாள். தொடாதே என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் தமிழ்ப்ரியா. அவள் அன்றைக்குச் சின்னசேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாள்.

குளிப்பாட்டி முடித்ததும் நகம் எடுக்க வேண்டும். அது அவர்கள் வகையறாவில் உள்ள வழக்கம். செத்தவன் நகத்தோடு போனால் பாதி வழியில் திரும்பி வந்து வீட்டுக் கதவைப் பிராண்டுவான் என்பார்கள். சாதாரணச் சாவு என்றால் கத்தியால் எடுத்துவிடுவார்கள். இரும்பால் வெட்டுப்பட்டுச் செத்தவன் மேல் மறுபடி இரும்பு படக்கூடாது. அப்படிப்பட்டவனுக்குப் பெற்றவள்தான் பல்லால் எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு எடுக்கிற மாதிரியே.

மாதன் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் நகத்தைச் சாமியம்மாள் அப்படித்தான் எடுத்தாள். பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போவான். சின்னச் சின்ன விரலாக வாயில் வைத்து, முன்பல்லால் மெல்லக் கிள்ளி எடுப்பாள். அவன் தூக்கத்திலேயே சிரிப்பான். அந்தக் கையா இது! கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கை. ஒவ்வொரு விரலாக வாயில் வைத்தாள். நகக்கண்ணில் ஏதோ கருப்பாக அப்பிக்கொண்டிருந்தது. நாக்கில் உப்புக் கரித்தது. ரத்தம்.

"துப்புடி சாமி, துப்பு," என்றாள் நாத்தனார் அம்மாசி.

"எம் புள்ள ரத்தத்த நான் துப்புவனா?" என்றாள் சாமியம்மாள். விழுங்கினாள். ஒவ்வொரு விரலுக்கும் விழுங்கினாள். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதார்கள்.

எடுத்த நகத்தையெல்லாம் மஞ்சள் துணியில், ஒரு கைப்பிடி சாமையோடு சேர்த்து முடிந்து கூரையில் செருகி வைப்பது முறை. வருஷம் திரும்பி, புதுச் சாமை படைக்கிற அன்றைக்கு ஓடையில் விட்டுவிட வேண்டும். வருஷமும் திரும்பியது. சாமியம்மாள் ஓடைக்குப் போனாள். வெறும் சாமையை விட்டுவிட்டு, முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி கூரையிலேயே செருகிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வந்து கதவைப் பிராண்டுவானாமே, பிராண்டட்டுமே! பிராண்டினால் எழுந்துபோய்க் கதவைத் திறப்பேன் என்று இருந்தாள்.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. சுபாஷைப் பிடித்தபோது அவன் கழுத்தில் மூன்று கீறல் இருந்தது. அதைப் பார்த்த டாக்டர், நகம் பட்டும் இருக்கலாம், கரும்புச் சோகையின் கூர் இலை கிழித்தும் இருக்கலாம் என்றார். கரும்புக் காட்டில் கிடக்கிறவனுக்குக் கீறல் ஒரு அதிசயமா? வெட்டிய கொடுவாளை ஓடை மடுவிலிருந்து எடுத்தார்கள். தண்ணீரில் கிடந்து துருப்பிடித்திருந்தது, ஒரு துளி ரத்தமும் கிடைக்கவில்லை. சரி, பாண்டியன் இருக்கிறான், கண்ணால் பார்த்தவன் இருக்கிறான் என்று எல்லோரும் அவனைத்தான் நம்பினார்கள்.

பாண்டியன் கூண்டில் ஏறி, தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் அப்ப அங்க இல்லீங்க," என்றான்.

என்ன மிரட்டினார்களோ, என்ன கொடுத்தார்களோ, அது அவனுக்கே வெளிச்சம். அவனும் மறுபடி கரும்பு வெட்டத்தான் கீழே இறங்க வேண்டும், அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. அதெல்லாம் சரிதான். ஆனாலும் வாசலில் விழுந்து புரண்டவனாயிற்றே! சாமியம்மாள் அவனைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தாலாவது அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்து, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வந்தார். காயங்களைப் பற்றிச் சொன்னார். கையில் காயம் எதுவும் இல்லை என்றார். பிறகு, "விரல் நகங்கள் சதையோடு ஒட்ட எடுக்கப்பட்டிருந்தன. நகத்தடியில் சாம்பிள் எடுக்க வழியில்லாமல் போய்விட்டது," என்றார்.

அரசு வக்கீல் நிர்மலா எழுந்தார். "சாம்பிள் கிடைத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் டாக்டர்?"

"இறந்தவர் தாக்கியவரைப் பிராண்டியிருந்தால், தாக்கியவரின் தோலோ ரத்தமோ நகத்தடியில் இருந்திருக்கும். யார் என்று சொல்லியிருக்கலாம்."

சுபாஷின் வக்கீல் இளமாறன், உளுந்தூர்பேட்டைக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஆக, யாரோ வேண்டுமென்றே ஆதாரத்தை அழித்திருக்கிறார்கள்," என்றார். அவருக்கு அது சும்மா ஒரு பேச்சு.

பின்வரிசையில் சாமியம்மாள் எழுந்து நின்றாள். "ஐயா, நான்தாங்க எடுத்தேன். அழிக்கலீங்க. வூட்டுல கூரையில வச்சிக்கினு இருக்கறங்க!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. தமிழ்ப்ரியா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தும் சாமியம்மாள் உட்காரவில்லை. இரண்டு வருஷம் ஒருத்தருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்த திருட்டை அவ்வளவு பேர் முன்னால் அவளே போட்டு உடைத்தாள். சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

நிர்மலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த நகத்தைச் சோதிக்க வேண்டும் என்று மனுப் போட்டார். இளமாறன் எகிறிக் குதித்தார். சீல் வைக்காத பொருள், இத்தனை நாள் எவர் கையில் இருந்ததோ, எலி இழுத்ததோ என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜட்ஜ் யோசித்தார். சோதனைக்கு அனுப்பலாம், அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். மலைக்குப் போலீஸ் வந்தது. வி.ஏ.ஓ. முன்னிலையில் முடிச்சை எடுத்து, கவரில் போட்டு, அரக்கு வைத்தார்கள். சாமியம்மாள் அதைக் கொடுக்கும்போது கன்னத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டு கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க சுபாஷின் ரத்தமும் எடுத்தார்கள், அவள் ரத்தமும் எடுத்தார்கள். ஊசி போட வந்த நர்ஸிடம் கையை நீட்டி, "எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கம்மா," என்றாள்.

அதற்கப்புறம்தான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. வழக்கத்தை மீறி முடிச்சைப் பதுக்கியதே இதற்குத்தான், மாதனே தன் கையில் கொன்றவன் அடையாளத்தைப் பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நம்பினாள். "பிராண்டிட்டுத்தான் போயிருக்கறான் பாரு எம் புள்ள! சும்மா போவல," என்று அம்மாசியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். லேப்பிலிருந்து பதில் வர ரொம்ப நாள் ஆனது. அந்த நாட்களில் அவள் வேளாவேளைக்குச் சாப்பிட்டாள். அதைப் பார்த்து தமிழ்ப்ரியாவுக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அந்தச் சாட்சிக்குத்தான் இன்றைக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

கோர்ட் ஹாலில் ஃபேன் கடகடவென்று சுற்றியது. லேப் அம்மாவின் பெயர் கலையரசி. நாற்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட அமைதியான முகம். அவர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தபோது சாமியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கலையரசி அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சட்டென்று காகிதத்தில் கண்ணைப் புதைத்துக்கொண்டார்.

நிர்மலா கேட்டார், "நீங்கள் சோதித்த நகத் துணுக்குகளில் என்ன கிடைத்தது?"

"இரண்டு பேருடைய டி.என்.ஏ. தெளிவாகக் கிடைத்தது. ஒன்று இறந்தவருடையது. அவருடைய நகம் என்பதால் அது எதிர்பார்த்ததுதான்."

"இரண்டாவது?"

சாமியம்மாள் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சுபாஷ் இருந்த பக்கம் பார்த்தாள். சொல்லும்மா, பேரைச் சொல்லு.

"இரண்டாவது ஒரு பெண்ணுடையது."

பெண்ணா? சாமியம்மாளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அட, எவளாவது ஒருத்தி மேல் ஆசை வைத்திருந்தானா, நமக்குச் சொல்லாமல் விட்டானா என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். அந்த நினைப்பில் ஒரு சந்தோஷம்கூட வந்தது அவளுக்கு. என்னத்தைச் சொல்ல!

"ஒப்பிட்டுப் பார்த்ததில், அந்தப் பெண் இறந்தவரின் தாயார் சாமியம்மாள். நகத் துணுக்குகளில் எச்சில் இருந்தது. மிக அதிகமாக இருந்தது."

நிர்மலா குரலை உயர்த்திக் கேட்டார், "மூன்றாவதாக ஒருவருடையது இருக்கிறதா, இல்லையா?"

"இருப்பதற்கான அறிகுறி தெரிகிறது. ஆனால் மிகமிகக் குறைவு. தாயாருடையது அதை மூடிவிட்டது."

"ஆண்களை மட்டும் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று உண்டல்லவா?"

"அதுவும் செய்தோம். இறந்தவரும் ஆண். அவருடையதுதான் பலமாக வந்தது. மற்றது சில துண்டுகள்தான். அதை வைத்து இன்னார் என்று சொல்ல முடியாது. வாயில் வைக்காமல் எடுத்திருந்தால்..." என்று ஆரம்பித்த கலையரசி நிறுத்திக்கொண்டார். "அதை நான் சொல்லக்கூடாது. மன்னிக்கணும்."

ஆனால் சொல்லியாயிற்று. சாமியம்மாள் காதில் விழுந்தாயிற்று.

இளமாறன் எழுந்தார். அவருக்கு இன்றைக்கு அதிக வேலை இல்லை. "இறந்தவர் தன் தாயாரோடு சண்டை போட்டு அவரைப் பிராண்டியிருந்தாலும் தாயாரின் டி.என்.ஏ. நகத்தில் வருமா இல்லையா?"

"வரலாம். ஆனால் இங்கே இருந்தது எச்சில்."

"எச்சில் மட்டும்தான் என்று நூற்றுக்கு நூறு சொல்வீர்களா?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"இந்த நகத்தில் என் கட்சிக்காரருடைய ரத்தமோ தோலோ இருந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"இல்லை என்று?"

"அதுவும் சொல்ல முடியாது."

"அது போதும்," என்று உட்கார்ந்தார் இளமாறன். அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் கொஞ்சம் பொய் சொல்லக்கூடாதா என்று தமிழ்ப்ரியாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

வராந்தாவில் கலையரசி காருக்குப் போகிற வழியில் சாமியம்மாள் குறுக்கே போய் நின்றாள். கான்ஸ்டபிள் விலக்க வந்தான். கலையரசி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அம்மா, என்னுத கழிச்சிட்டு மீதிய பாருங்கம்மா," என்றாள் சாமியம்மாள். "நான்தான் கலந்துட்டேன், ஒத்துக்கறேன். என்னுது இன்னதுன்னுதான் தெரிஞ்சிபோச்சில்ல? அத எடுத்து அப்பால போட்டுட்டுப் பாருங்க. அவனுது அடியில இருக்கும்."

"அப்படித்தாம்மா பார்த்தோம். திரும்பத் திரும்பப் பார்த்தோம்," என்றார் கலையரசி. "ஒரு அண்டாத் தண்ணியில ஒரு சொட்டு பால் விழுந்தா, அந்தச் சொட்டைத் திரும்ப எடுக்க முடியுமா? அந்த மாதிரிம்மா."

"பாலு உள்ள இருக்குதில்ல?"

"இருக்கு. எடுக்கத்தான் முடியாது."

"எம் மேல எதனா பண்ணி எடுக்க முடியுமா? இன்னும் ரத்தம் வேணும்னா எடுத்துக்கினு போங்க."

"முடியாதும்மா."

சாமியம்மாள் தலையை ஆட்டினாள். புரிந்த மாதிரிதான் ஆட்டினாள். விலகி வழி விட்டவள் மறுபடி கூப்பிட்டாள். "அம்மா, ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு நகக்கண்ணுல ரத்தம் இருந்திச்சி. எம் புள்ளைக்குக் கையில காயம் இல்லன்னு டாக்டரு சொன்னாரு. முன்ன கேட்டப்ப எனக்கு ஒண்ணும் தோணல. அப்ப அது யாரு ரத்தம்மா?"

சட்டப்படி கலையரசிக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல அவருக்கு வாய் வராது. சாமியம்மாளின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு காரில் ஏறிக்கொண்டார்.

பதில் வேண்டியும் இருக்கவில்லை. அந்த இடத்திலேயே சாமியம்மாள் குனிந்து ஓங்கரித்தாள். வயிற்றில் காலையில் குடித்த கூழ் மட்டும்தான் இருந்தது, அதுவும் வரவில்லை. தமிழ்ப்ரியா அம்மாவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, இன்னாம்மா பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வாயி கசக்குது புள்ள. வாயி கசக்குது."

அன்றையிலிருந்து சாமியம்மாள் வாய் கொப்பளிக்க ஆரம்பித்தாள். ஓடையில் கொப்பளித்தாள், வேப்பங்குச்சி போட்டுத் தேய்த்தாள், சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள், ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. அந்த ரத்தத்தைப் பார்த்ததும் இன்னும் கொப்பளித்தாள். சோறு வாய்க்குள் இறங்கவில்லை. பேய் பிடித்துவிட்டது என்று அம்மாசி கரியராமன் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டு வந்தாள். பேயா பிடித்தது? ஆசை ஆசையாக, பிள்ளையுடையது என்று ஒரு துளியும் சிந்தாமல் விழுங்கினாளே, அது பிள்ளையைக் கொன்றவனுடையது. அவன் மேல் சாட்சி சொல்ல உலகத்தில் மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான். அதை எவனும் திருடவில்லை, எவனும் அழிக்கவில்லை. அவளே விழுங்கிவிட்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

தமிழ்ப்ரியா தனக்குத் தெரிந்த ஆறுதலையெல்லாம் சொன்னாள். "உனக்கு எப்டிம்மா தெரியும்? யாரும் சொல்லித் தரலயே," என்றாள். "நான் ஹாஸ்டல்ல இல்லாம வூட்டுல இருந்திருந்தா சொல்லியிருப்பேன்," என்று சொல்லி அவளும் அழுதாள். சாமியம்மாள் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். ஆனால் ஒரு வார்த்தையும் அவளுக்குள் போய்ச் சேரவில்லை.

தீர்ப்பு நாள் வந்தது. கத்திரிப்பூச் சேலை பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஜட்ஜ் நிறைய வாசித்தார். கண்ணால் கண்ட சாட்சி பிறழ்ந்தது, ஆயுதத்தில் ரத்தம் இல்லை, கழுத்துக் கீறலுக்கு வேறு காரணமும் இருக்கலாம், நகத் துணுக்கு முடிவாக எதையும் நிரூபிக்கவில்லை. வாசித்துக்கொண்டே வந்தவர், தாயின் செயலில் கெட்ட நோக்கம் இல்லை என்று ஒரு வரி நிறுத்தி வாசித்துவிட்டு, ஒருமுறை நிமிர்ந்து சாமியம்மாளைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்கிறேன் என்று முடித்தார்.

நிர்மலா தாளையெல்லாம் அடுக்கிக்கொண்டே, மேல்முறையீடு செய்யலாம் என்றார். எதை வைத்து என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் உண்டு. சாமியம்மாள் நேராக அங்கே போனாள். தமிழ்ப்ரியா கொஞ்சம் தள்ளி, ஃபோனில் பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தாள். சாமியம்மாள் கையைக் குவித்துத் தண்ணீர் பிடித்து வாய் நிறைய வாங்கினாள். ஒரு பக்கக் கன்னத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தள்ளித் தள்ளிக் கொப்பளித்தாள்.

பின்னால் ஆள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினாள்.

சுபாஷ். புதுச் சட்டை, தோளில் யாரோ போட்ட ரோஜா மாலை. அவனோடு நாலைந்து பேர் நின்றார்கள். ஜெயிலில் இருந்து நிறம் வெளுத்திருந்தான். கழுத்தில் கீறல் இருந்த இடம் வழவழவென்று ஆறிப்போயிருந்தது. முகம் கழுவ வந்திருப்பான் போலிருக்கிறது. அவளைப் பார்த்ததும் தடுமாறினான். பிறகு பழைய பழக்கத்தில் ஒரு அடி பின்வாங்கி, "நீ மொதல்ல குடி பெரிம்மா," என்றான்.

சாமியம்மாளின் வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. கைக்கெட்டுகிற தூரத்தில் அவன் முகம் இருந்தது. வாயில் இருந்ததை அந்த முகத்தில் காறித் துப்ப எவ்வளவு நேரம் ஆகும்? உடம்பெல்லாம் ஒரே ஒரு வேலைக்கு முறுக்கிக்கொண்டு நின்றது. அப்போது அவன் பின்னால் நின்றவர்களில் ஒருத்தன், தள்ளி நின்ற தமிழ்ப்ரியாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். நாளைக்கும் தமிழ்ப்ரியா தனியாக பஸ்ஸில் இறங்குவாள், தனியாக ஏறுவாள். ஓடைப் பாதையும் அதேதான்.

சுபாஷ் காத்துக்கொண்டு நின்றான். சாமியம்மாள் வாயைத் திறக்காமல் விலகி நின்றாள். அவன் குனிந்து முகம் கழுவினான், கழுத்தைக் கழுவினான், மாலையைச் சரிசெய்துகொண்டு போனான்.

தமிழ்ப்ரியா ஓடி வந்தாள். "அம்மா! அவன் வந்து நின்னானா? இன்னா சொன்னான்? மூஞ்சிலயே துப்பறதுதான, நீ துப்புனியாம்மா?"

சாமியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல புள்ள. முழுங்கிட்டேன்."